முடி மெதுவாக வளரட்டும், முதலில் பால் டம்ளரைக் குறையுங்கள்

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 14 மாதம். 38 வாரத்தில் சுகப்பிரசவம், பிறந்த எடை 2.7 கிலோ. பிறக்கும்போது தலை நிறைய முடி இருந்ததாம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசினார்களாம். மூன்றாவது மாதத்தில் பின்னந்தலை முடி மொத்தமாகக் கொட்டிவிட்டது. தூளியில் போட்டதால்தான் தேய்ந்துபோச்சு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். 11-வது மாதம் குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து மொட்டையும் காதுகுத்தும் நடந்திருக்கிறது. அதற்கப்புறம் மூன்று மாதம் ஆகியும் முடி 'என் சுண்டுவிரல் நுனியிலிருந்து முதல் கணு வரைக்கும்தான் இருக்கு' என்கிறார். பக்கத்து வீட்டில் அதே வயதுப் பெண் குழந்தை, அவளுக்கு இரட்டைக் குடுமி போடுகிறார்கள். இவர் மகளைக் கடைக்குத் தூக்கிப்போனால் 'பையனா?' என்று கேட்கிறார்கள். வெளியே போகும்போதெல்லாம் தொப்பி மாட்டிவிடுகிறாராம், இந்த வெயிலில்.

முடி வளர இதுவரை செய்தவை: சின்ன வெங்காயச் சாறு கலந்த தேங்காய் எண்ணெய் 40 நாள், இரவில் விளக்கெண்ணெய், ஆன்லைனில் வாங்கிய பயோட்டின் என்ற வைட்டமின் சொட்டு மருந்து, சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது பாட்டி மூக்கில் விடும் இரண்டு சொட்டு எண்ணெய். வெங்காயச் சாறு போட்டதில் தலையில் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்து இன்னும் ஆறவில்லை. மாமியார் இன்னும் இரண்டு மொட்டை போட்டால் அடர்த்தியாக வரும் என்கிறார். கணவர் தன் முடி கொட்டுவதற்காக மினாக்ஸிடில் லோஷன் தடவுகிறார், அதில் இரண்டு சொட்டை எண்ணெயில் கலந்து குழந்தைக்குத் தடவலாமா என்று கொழுந்தனார் கேட்டிருக்கிறார். 'கர்ப்பத்தில் எனக்குத் தைராய்டு மாத்திரை கொடுத்தாங்க, இவளுக்கும் அதனால இருக்குமா? என் பாலில் சத்து இல்லாததால இப்படி ஆச்சா?' என்பவை அவருடைய கடைசிக் கேள்விகள்.

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஒரு ஸ்கேலை எடுத்து என் சுண்டுவிரலை அளந்து பார்த்தேன். நுனியிலிருந்து முதல் கணு வரை இரண்டரை சென்டிமீட்டர் வந்தது. உங்கள் விரல் என்னுடையதைவிடச் சின்னது என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாது. பெரியவர்களுக்கே தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், சின்னக் குழந்தைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். மொட்டை அடித்து மூன்று மாதத்தில் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் என்றால் உங்கள் மகளின் முடி வளர வேண்டிய வேகத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இன்னும் மொட்டையே அடிக்கவில்லை என்று நீங்களே மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு 14 மாத முடி, இவளுக்கு மூன்று மாத முடி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ராத்திரி அழுவது நியாயமே இல்லை.

முடி மெலிசாக இருப்பது வேறு விஷயம். குழந்தை முடி மெலிசாகத்தான் இருக்கும், வயது ஏற ஏறத்தான் ஒவ்வொரு முடியும் பருமனாகும், அதற்கு இரண்டு மூன்று வருடம்கூட ஆகலாம். குடும்பவாகும் நிறைய உண்டு. மாமியாரிடம் உங்கள் கணவரின் முதல் பிறந்தநாள் போட்டோ இருந்தால் எடுத்துத் தரச் சொல்லுங்கள், உங்கள் அம்மா வீட்டிலும் உங்களுடையதைத் தேடிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

மூன்றாவது மாதம் கொட்டியது ஏன்?

தூளி மேல் பழி போட வேண்டாம். ஒவ்வொரு முடிக்கும் வளரும் காலம், ஓயும் காலம், உதிரும் காலம் என்று உண்டு. நம் தலையில் ஒவ்வொரு முடியும் தனித்தனி நேரத்தில் உதிர்வதால் நமக்குத் தெரிவதில்லை. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அப்படி இல்லை, முடிகள் கூட்டமாக ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகும். பின்னந்தலை முடி எல்லாவற்றுக்கும் கடைசியாக, பிரசவத்தையொட்டி ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாக உதிரும். படுக்கையில் தலை உரசுவதால் கொஞ்சம் சீக்கிரம் உதிரலாம், அவ்வளவுதான். உரசலுக்குப் பயந்து பச்சைக் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தூங்கவைக்க மட்டும் யாரும் துணியக் கூடாது, தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் ஆபத்து அதில் உண்டு.

அதே சமயத்தில் உங்கள் முடியும் கொத்துக்கொத்தாகக் கொட்டியதாகவும், 'புள்ள முகம் பாத்துச் சிரிச்சா தாய்க்கு முடி கொட்டும்' என்று மாமியார் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன காலக்கணக்கு மிகச் சரி. காரணம் சிரிப்பு இல்லை, பிரசவத்துக்குப் பிறகு ஹார்மோன் அளவு இறங்குவது. இதைப் படிக்கும் கைக்குழந்தைக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அப்படி உதிரும் அம்மாவின் நீள முடி ஒன்று குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகிக்கொள்வதுண்டு. காரணமே தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் சாக்ஸைக் கழற்றி விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள், விரல் வீங்கிச் சிவந்திருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

உங்கள் பாலில் சத்து இல்லை என்று யார் சொல்லியிருந்தாலும் அது தவறு. 14 மாதத்தில் 9.1 கிலோ, 75 சென்டிமீட்டர், எட்டுப் பல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. முதல் ஆறு மாதம் உங்கள் பாலை மட்டுமே குடித்து வளர்ந்த குழந்தை இது.

மூன்று மொட்டை

தலையில் இருக்கும் முடிக்குழிகள் எல்லாம் நீங்கள் ஐந்தாறு மாதக் கர்ப்பமாக இருக்கும்போதே உருவாகி முடிந்துவிட்டன. பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூடச் சேராது. பிளேடு வெட்டுவது தோலுக்கு வெளியே இருக்கும் உயிரில்லாத முடியை, வேர் தோலுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே வெட்டியது அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. சிரைத்தால் முடி அடர்த்தியாகவோ வேகமாகவோ வளராது என்பதை 1928-லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். அப்புறம் ஏன் மொட்டைக்குப் பிறகு கையில் முள்முள்ளாகத் தட்டுகிறது? பிறந்த முடியின் நுனி கூர்மையாக மெலிந்திருக்கும், வெட்டிய நுனி மழுங்கலாக இருக்கும், தடவினால் தடிமனாகத் தோன்றும். மொட்டை அடிக்கும் வயதும் முடி தானாகப் பருமனாகும் வயதும் ஒன்றாக இருப்பதால் பெருமை மொட்டைக்குப் போய்விடுகிறது.

இதை மாமியாரிடம் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம். வேண்டுதல் இருந்தால் தாராளமாக அடியுங்கள், அது சாமிக்குக் கொடுக்கும் முடி, அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. அறநிலையத் துறைக் கோயில்களில் 2021-லிருந்து முடி காணிக்கைக்குக் கட்டணமும் கிடையாது. புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல்லுங்கள். தலையில் இப்போது இருக்கும் பொரி முழுக்க ஆறும் வரை மட்டும் பிளேடே படக் கூடாது, புண்பட்ட தோலில் சிரைத்தால் சீழ் பிடிக்கும். முடி அடர்த்தியாக வளரட்டும் என்பதற்காக என்றால், வேண்டாம்.

எண்ணெய், வெங்காயம், சொட்டு மருந்து

சின்ன வெங்காயம் தேய்ப்பது புழுவெட்டுக்குப் பெரியவர்கள் செய்யும் கைவைத்தியம். உங்கள் மகளுக்குப் புழுவெட்டு இல்லை. அவள் தோல் நம் தோலைவிட மெலிசு, வெங்காயச் சாறு அதைச் சுட்டிருக்கிறது. இன்றோடு நிறுத்திவிடுங்கள். விளக்கெண்ணெயையும் கொஞ்ச நாள் விடுங்கள், அது பிசுபிசுவென்று தலையிலேயே நின்று வியர்வையை அடைக்கும், தொப்பியும் சேர்ந்தால் வேர்க்குருவுக்குக் கேட்கவே வேண்டாம். பொரி ஆறிய பிறகு குளிப்பதற்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி இதமாகத் தேய்த்து, அன்றே அலசிவிடலாம். முடி வளரும் என்பதற்காக இல்லை, தோல் வறளாமல் இருக்கும், அவளுக்கும் உங்கள் கை சுகமாக இருக்கும். பத்து நாளில் பொரி ஆறவில்லை என்றால், அல்லது நீர் கசிந்தால், டாக்டரிடம் காட்டுங்கள்.

மூக்கில் எண்ணெய் விடுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஏழு மாதக் குழந்தை ஒன்றை மூச்சிரைப்போடு தூக்கி வந்தார்கள். நிமோனியா என்று மருந்து கொடுத்தோம், குறையவில்லை. நான்காவது நாள் அந்தப் பாட்டி தற்செயலாகச் சொன்னார், தினமும் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு சொட்டு விடுவேன் என்று. தண்ணீர் உள்ளே போனால் குழந்தை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இல்லை, இருமலே வராமல் நழுவி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து லேசில் வெளியே வராது. அந்தக் குழந்தை பிழைத்தது, ஆனால் வாரக்கணக்கில் ஆக்ஸிஜனில் இருந்தது. பாட்டி செய்தது முழுக்கப் பாசத்தில்தான், உங்கள் வீட்டுப் பாட்டியும் அப்படித்தான். அதனால் திட்டாமல், 'டாக்டர் மூக்கு, காது, தொப்புள் எங்கேயும் எண்ணெய் விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாரு' என்று என் மேல் போட்டுவிடுங்கள். குளித்ததும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், புகை சின்ன மூச்சுக்குழாய்க்கு ஆகாது.

பயோட்டின் குறைபாடு குழந்தைகளுக்கு மிக அபூர்வம். அப்படி ஒரு பிறவிக் குறை இருந்தால் முடி உதிர்வதோடு நிற்காது, தோலில் தடிப்பு, வலிப்பு என்று வேறு பெரிய தொந்தரவுகள் வரும், உங்கள் மகளுக்கு அவை எதுவும் இல்லை. சொட்டு மருந்தால் லாபம் இல்லை என்பதோடு ஒரு நஷ்டமும் உண்டு. அதிக அளவு பயோட்டின் உடம்பில் இருந்தால் சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவு தவறாக வரும், குறைவாகச் சுரக்கும் தைராய்டைக்கூடச் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடலாம். தைராய்டைப் பற்றிப் பயப்படும் நீங்களே அதை மறைக்கும் மருந்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நிறுத்திவிடுங்கள், டாக்டரிடம் போகும்போது இதைக் கொடுத்த விவரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த லோஷன்

கூடவே கூடாது. ஒரு சொட்டுகூட. மினாக்ஸிடில் முதலில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரையாக வந்த மருந்து, முடி முளைப்பது அதன் பக்க விளைவாகத் தெரியவந்தது. குழந்தையின் மெலிந்த தோல் வழியாக அது உள்ளே போனால் இரத்த அழுத்தம் இறங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். 2019-ல் ஸ்பெயினில் வயிற்றுக் கோளாறுக்குக் கொடுத்த குழந்தை மருந்தில் தவறுதலாக மினாக்ஸிடில் கலந்துபோய், பச்சைக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்த சம்பவம் நடந்தது. சில வருடம் கழித்து அதே நாட்டில், அப்பா தலைக்குத் தடவிக்கொண்ட லோஷன் குழந்தை மேல் பட்டே முதுகிலும் தொடையிலும் முடி வளர்ந்ததையும் கண்டுபிடித்தார்கள். குழந்தைக்கு யாரும் தடவவே இல்லை, அப்பா தூக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மருந்து படுவதை நிறுத்தியதும் அந்த முடி போய்விட்டது.

அதனால் உங்கள் கணவருக்கும் இது: தடவிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தலை நன்றாகக் காயும் வரை குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்க்கக் கூடாது, அவர் தலையணையில் குழந்தை படுக்கக் கூடாது, பாட்டில் அலமாரியின் மேல் தட்டில் இருக்க வேண்டும். மகளின் நெற்றி, கன்னம், முதுகில் புதிதாக முடி தெரிகிறதா என்றும் ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

முடியைவிட என்னை உறுத்திய இரண்டு வரி

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு இப்போது வருகிறேன். இரண்டாவது பக்கத்தின் அடியில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: 'சாதம் ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டா, ஆனா பசும்பால் நாலு டம்ளர் குடிச்சிடுவா. கட்டில் பக்கத்துச் சுவரைச் சுரண்டி வாயில வெச்சுக்கிறா, எவ்வளவு அடிச்சாலும் விட மாட்டேங்கிறா.'

அடிக்காதீர்கள். அது சேட்டையாக இல்லாமல் இருக்கலாம். சுண்ணாம்பு, மண், சாம்பல் என்று தின்னும் குழந்தைக்கு உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தாயிடமிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு சுமார் ஆறு மாதம்தான் வரும், அதற்குப் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் ஒரு மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது. நாலு டம்ளர் குடித்த வயிற்றில் சோறு, கீரை, முட்டை போக இடம் எங்கே இருக்கிறது? அதிகமான பால், சாப்பிடும் கொஞ்ச நஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. முடி மெலிவதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் கவலைப்படுவது முடிக்காக இல்லை. இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது, அதற்கு இரும்பு வேண்டும்.

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஹீமோகுளோபின் பாருங்கள், முடிந்தால் முழு இரத்த அணுப் பரிசோதனையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும். இரத்தம் எடுக்கும்போதே தைராய்டும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வளர்த்தியும் நடையும் சரியாக இருப்பதால் எனக்குச் சந்தேகம் பெரிதாக இல்லை, உங்களுக்குக் கர்ப்பத்தில் தைராய்டு இருந்ததால் ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு லேசாகும். வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்தைப் பற்றியும் கேளுங்கள்.

அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் இலவசமாகவே தருகிறார்கள், கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கலாம். அது சோகை வராமல் காக்கும் அளவு. சோகை இருந்தால் கொடுக்க வேண்டிய அளவு எடையைப் பொறுத்தது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், கூடுதலாகக் கொடுத்தால் இரத்தம் சீக்கிரம் ஊறும் என்று நினைக்காதீர்கள், அதிகமானால் உயிருக்கே ஆபத்து. பாலோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். பல் கறுக்காமல் இருக்க நாக்கின் பின்பக்கம் விட்டு, பிறகு கொஞ்சம் தண்ணீர் குடிக்க வையுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பாலை ஒரே நாளில் நிறுத்த முடியாது, அழுது ஊரைக் கூட்டுவாள். இந்த வாரம் நாலு டம்ளரை மூன்றாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டு. ஒரு நாளைக்கு 400, 500 மில்லிக்கு மேல் வேண்டாம், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. முட்டை, மீன், ஈரல் சாப்பிடும் வீடு என்பதால் வேலை சுலபம், குழம்பில் வெந்த ஈரலை விரலால் மசித்துச் சாதத்தில் பிசைந்து கொடுங்கள். முருங்கைக்கீரைப் பருப்பில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் அதில் இருக்கும் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். முதல் பத்து நாள் துப்புவாள். துப்பினாலும் மறுநாள் திரும்ப வையுங்கள்.

எப்போது நேரில் காட்ட வேண்டும்?

உங்கள் மகளுக்கு இவை இருப்பதாக எழுதவில்லை, மற்றவர்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். தலையில் வட்டமாகச் சொட்டை, செதில் உதிர்ந்து பாதியில் ஒடிந்த முடி, பிறந்ததிலிருந்தே மஞ்சளாக முடியில்லாத ஒரு திட்டு, தொட்டாலே பொடிந்து உடையும் முறுக்கிய முடி என்றால் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண், கூடவே வயிற்றுப்போக்கு, முடி உதிர்வு மூன்றும் சேர்ந்தால் துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம். வெயிலில் வியர்க்காமல் அடிக்கடி உடம்பு கொதிக்கும், பல் முளைக்கவில்லை அல்லது கூம்பு போல முளைக்கிறது, முடியும் மிகக் குறைவு என்றால் அது பிறவியிலேயே வரும் வேறு ஒரு நிலை, தள்ளிப்போடக் கூடாது. முடி செம்பட்டையாகி, எடை ஏறாமல், கால் வீங்கினால் அன்றே கூட்டிப்போங்கள். மலச்சிக்கல், தோல் வறட்சி, பெரிய நாக்கு, கரகரத்த அழுகை, வளர்ச்சியில் தாமதம் இருந்தால் தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் முடி மட்டும் மெலிசாக இருந்தால் மூன்று வயது வரை தாராளமாகக் காத்திருக்கலாம்.

தொப்பியை வெயிலுக்கு மட்டும் வையுங்கள். 'பையனா?' என்று கேட்பவர்களிடம் 'பொண்ணுங்க' என்று சிரித்துச் சொல்லிவிட்டு நடங்கள், அவள் இன்னும் அந்தக் கேள்விக்கு வருத்தப்படும் வயதுக்கு வரவில்லை, உங்கள் முகம் வாடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அந்தச் சுவர். பழைய வீடு, பெயிண்ட் செதில் செதிலாக உதிர்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம், இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். அவள் சுவர் சுரண்டும் விஷயத்தை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இன்று ராத்திரி படுப்பதற்கு முன் கட்டிலைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டு, இடையில் அவள் விழாதபடி மெத்தையோ தலையணையோ தரையில் விரித்துவிடுங்கள். ஹீமோகுளோபின் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.